பொட்டும் கோடும்: ஒகயாமாவில் பிறந்த மஞ்சள் கல் நம் நடைபாதையில் எங்கே தவறுகிறது

நடைபாதையில் வரிசையாகப் பதித்திருக்கும் மஞ்சள் டைல்ஸைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அழகுக்குப் போட்டது என்று நினைப்பவர்கள் பாதிப் பேர், கால் வழுக்காமல் இருக்கப் போட்டது என்று நினைப்பவர்கள் மீதிப் பேர். உண்மையில் அது எழுத்து. அந்த மொழியில் மொத்தமே இரண்டு எழுத்துகள்தான். நீளக் கோடுகள் எழும்பியிருந்தால் "இந்தப் பக்கமாகப் போகலாம்" என்று பொருள். உருண்டைப் பொட்டுகள் எழும்பியிருந்தால் "நில், முன்னே ஏதோ மாறுகிறது" என்று பொருள். வெள்ளைக் கைத்தடி பிடித்து நடப்பவர் தடியின் நுனியாலும் செருப்பின் அடியாலும் இதைப் படிக்கிறார். எழுதுபவர் கொத்தனார். அவருக்கு இது எழுத்து என்று யாரும் சொல்லாததால்தான் இத்தனை தவறுகள் நடக்கின்றன.

இந்த ஆய்வு ஒரு கல்லின் கதையைப் பின்தொடர்கிறது. ஜப்பானில் அது எப்படிப் பிறந்தது, எத்தனை உயிர் போன பிறகு அதன் அளவுகள் முடிவாயின, அதே கல் நம் ஊர்த் தெருவுக்கு வந்ததும் ஏன் பொய் சொல்லத் தொடங்குகிறது, அதைச் சரியாகப் பதிக்க என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கே பேசப்படுவது.

ஜப்பானின் ஒகயாமா நகரில் தங்கும் விடுதி நடத்திவந்தவர் மியாக்கே செய்இச்சி. அவருடைய நண்பர் இவாஹாஷி ஹிதேயுகிக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. பாசி படர்ந்த இடம் எங்கே முடிந்து மண் எங்கே தொடங்குகிறது என்பது காலணியின் அடியிலேயே தெரிகிறது என்று அந்த நண்பர் சொன்னதை மியாக்கே பிடித்துக்கொண்டார். பாதம் படிக்கும் என்றால் தரையில் எழுதலாம் அல்லவா? 1965-இல் புடைப்புகள் கொண்ட கான்கிரீட் கல்லை உருவாக்கினார். 1967 மார்ச் 18 அன்று, ஒகயாமா பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே தேசிய நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் உலகின் முதல் வரிசை பதிக்கப்பட்டது. மொத்தம் 230 கற்கள். ஜப்பானியர்கள் இதைத் 'தென்ஜி புரோக்கு' என்கிறார்கள், அதாவது பிரெயில் கட்டை. படிப்பதற்கான பொருள் என்பது பெயரிலேயே இருக்கிறது.

முதல் சில ஆண்டுகள் கல் விலைபோகவில்லை. நகராட்சிகளுக்கு மியாக்கே இலவசமாகவே அனுப்பிவைத்தும் பெரிய வரவேற்பு இல்லை. 1970-இல்தான் திருப்பம் வந்தது. டோக்கியோவில் பார்வையற்றோர் நிறுவனங்கள் இருந்த தக்காதனோபாபா பகுதிச் சாலைகளில் கல் பதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஒசாகாவின் அபிக்கோச்சோ ரயில் நிலைய நடைமேடையிலும் பதித்தார்கள்.

1973 பிப்ரவரியில் தக்காதனோபாபா நிலையத்தின் நடைமேடையிலிருந்து பார்வையற்ற ஒருவர் தண்டவாளத்தில் விழுந்து ரயிலில் அடிபட்டு இறந்தார். நிலையத்தைச் சுற்றியுள்ள சாலையில் கல் இருந்தது, நடைமேடையில் இல்லை. பாதுகாப்பாக வீட்டிலிருந்து நிலையம்வரை அழைத்துவந்துவிட்டு, மிக ஆபத்தான கடைசி இருபது அடியில் கைவிட்ட ஏற்பாடு அது. குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். 1979-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ரயில்வேதான் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது, மேல்முறையீட்டில் இருந்தபோது 1986-இல் சமரசத்தில் முடிந்தது. அதே 1986-இல், ஒசாகாவில் நடந்த இன்னொரு விபத்து வழக்கில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் வேறு அளவுகோலை வைத்தது. கல் இல்லை என்பதாலேயே நடைமேடை குறைபாடுள்ளது என்று சொல்லிவிட முடியாது, அந்த வசதி எந்த அளவுக்குப் பரவியிருந்தது, அந்த இடத்தில் விபத்து வாய்ப்பு எவ்வளவு, பதிப்பதில் என்ன சிரமம் இருந்தது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. இந்த அளவுகோலை நாம் ஏற்காமல் போகலாம். ஆனால் அது ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: வசதி பரவப் பரவ, 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பும் வழி அடைபடும்.

கல் பரவியது. கூடவே இன்னொரு சிக்கலும் பரவியது. ஆளுக்கொரு அச்சில் செய்தார்கள். ஓர் ஊரில் பொட்டு பெரிது, இன்னோர் ஊரில் சிறிது. சில இடங்களில் கோடும் பொட்டும் காலுக்கு வேறுபாடே தெரியாது. பார்வையற்றவர்களை நடக்கவைத்துச் சோதித்த பிறகு 2001-இல் ஜப்பானியத் தொழில்தரம் ஒன்று வந்தது. 30 செ.மீ. சதுரக் கல்லில் குறைந்தது 25 பொட்டுகள், பொட்டின் மேல்முகம் 12 மி.மீ., அடிவட்டம் 22 மி.மீ., உயரம் 5 மி.மீ., ஒரு பொட்டின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 55 முதல் 60 மி.மீ. கோட்டுக் கல் என்றால் நான்கு கோடுகள், ஒவ்வொன்றின் மேல்முகம் 17 மி.மீ., உயரம் அதே 5 மி.மீ., கோட்டுக்குக் கோடு 75 மி.மீ. இந்த எண்களில் ஒன்றும் ஓவியரின் விருப்பம் அல்ல. பொட்டுகள் நெருங்கினால் பாதத்துக்கு அது வெறும் சொரசொரப்பான தரை. விலகினால் செருப்பு இரண்டு பொட்டுக்கு நடுவே இறங்கிவிடும். உயரம் மிகவும் தேய்ந்தால் செருப்புக்குள் தெரியாது, அளவுக்கு மேலே ஏறினால் முதியவர்கள் இடறுவார்கள், சக்கர நாற்காலி குலுங்கும். 2012-இல் பன்னாட்டுத் தரமும் வந்துவிட்டது.

நடைமேடைக் கல்லில் பிறகு சேர்த்த ஒரு சின்ன மாற்றத்தை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்டவாளம் உள்ள நடைமேடையில் ஒருவர் பொட்டு வரிசையை மிதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் இடப்பக்கமா, வலப்பக்கமா? இரு பக்கமும் ரயில் சத்தம், கூட்டத்தில் தோள் இடித்து உடல் திரும்பியிருக்கலாம். விலகுகிறேன் என்று எடுத்து வைக்கும் அடியே தண்டவாளத்துக்குள் போய்விடலாம். இதற்காகப் பொட்டுக் கல்லின் ஒரு பக்கத்தில், நடைமேடையின் உட்புறத்தை நோக்கிய ஓரத்தில், ஒற்றைக் கோடு ஒன்றைச் சேர்த்தார்கள். பொட்டும் அதையடுத்துக் கோடும் காலில் பட்டால், கோடு இருக்கும் பக்கம் பாதுகாப்பு. ஒரே ஒரு கோடு, உயிர் காக்கும் செய்தி. அப்படியும் போதவில்லை. 2016 ஆகஸ்டில் டோக்கியோவின் அவோயாமா-இச்சோமே சுரங்க ரயில் நிலையத்தில் வழிகாட்டி நாயுடன் நடந்துவந்த ஒருவர் நடைமேடையிலிருந்து விழுந்து இறந்தார். அங்கே அப்போது தடுப்புக் கதவுகள் கிடையாது. கல் எச்சரிக்கும், தடுக்காது. தடுக்க வேண்டிய இடத்தில் தடுப்பு வேண்டும்.

இனி நம் ஊர்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்து 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டடமும் போக்குவரத்தும் எப்படி அமைய வேண்டும் என்ற மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2016-இல் வந்து 2021-இல் புதுப்பிக்கப்பட்டன. நடைபாதைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் நெறிகள் உண்டு. எழுத்தில் குறை அதிகம் இல்லை. ஆனால் இவற்றில் பல 'பரிந்துரை' என்ற நிலையிலேயே இருந்தன. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சுட்டிக்காட்டியது. சட்டம் கட்டாயம் என்கிறபோது அதன்கீழ் வகுத்த விதிகளில் 15(1)-ஆவது விதி வெறும் வழிகாட்டுதலாக நிற்க முடியாது என்று அந்த விதியைச் செல்லாததாக்கி, மாற்ற முடியாத அடிப்படை விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கச் சொன்னது.

தெருவில் நடப்பது என்ன? ஒப்பந்தத்தில் டேக்டைல் டைல்ஸ், அதாவது தொட்டுணரும் இந்தக் கற்கள், பெரும்பாலும் 'இத்தனை சதுர மீட்டர்' என்று ஒரு வரியாக வருகிறது. எந்த இடத்தில் கோடு, எந்த இடத்தில் பொட்டு என்று காட்டும் வரைபடம் இணைக்கப்படுவது அபூர்வம். அளவெடுத்துப் பில் போடுபவருக்குச் சதுர மீட்டர் சரியாக இருந்தால் போதும். அதன் விளைவாக நடைபாதைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகள் இவை.

கோட்டுக் கல் குறுக்காகப் பதிக்கப்பட்டிருக்கும். சதுரக் கல் என்பதால் கொத்தனார் கையில் எப்படி வருகிறதோ அப்படி உட்காருகிறது. நடப்பவருக்கு அந்த இடத்தில் கோடு சாலைப் பக்கம் போகச் சொல்கிறது. வாழ்த்து அட்டையில் எழுத்து தலைகீழாக விழுந்தால் யாருக்கும் அடிபடாது, இங்கே அடிபடும்.

நேராகப் போகும் வரிசை முழுக்கப் பொட்டாகவே இருக்கும். கடையில் கோட்டுக் கல் இருப்பு இல்லை, பொட்டுக் கல் இருந்தது, போட்டுவிட்டார்கள். நூறு அடிக்கு 'நில், நில், நில்' என்று சொன்னால், உண்மையிலேயே நிற்க வேண்டிய இடத்தில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்காது.

வரிசை நேராக மரத்திலோ மின்வாரியப் பெட்டியிலோ போய் முட்டும். இது எல்லோரும் படம் பிடித்துப் பகிரும் தவறு. ஆனால் இதைவிட ஆபத்தானது, வரிசை எந்த அறிவிப்பும் இல்லாமல் பாதியில் நின்றுவிடுவது. முட்டும் மரத்தைத் தடி கண்டுபிடித்துவிடும். முடிந்துபோன வரிசைக்குப் பிறகு என்ன இருக்கிறது என்பதைத் தடியால் கண்டுபிடிக்க முடியாது. அங்கே நிற்பவர் எந்தத் திசையில் அடுத்த அடி வைப்பார்? வரிசையை முடிக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் பொட்டுக் கல்லால் முடிக்க வேண்டும்.

பாதாளச் சாக்கடை மூடி வரும் இடத்தில் இரண்டு கல்லை எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசியிருப்பார்கள். ஒரு மூடியைக் கடந்து அடுத்த கல்லைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. இரண்டு மூடி அடுத்தடுத்து வந்தால் தடம் தவறும். வரைபடம் போடும்போதே மூடிகளின் இடத்தைக் குறித்துக்கொண்டு வரிசையைத் தள்ளிப் பிடிப்பதுதான் வழி.

அடுத்தது நிறம். பார்வை முழுதும் இல்லாதவர்களுக்கு மட்டும் இந்தக் கல் என்பது தவறான எண்ணம். மங்கலாகத் தெரிபவர்களுக்கு மஞ்சள் நிறமே வழிகாட்டி. சாம்பல் தரையில் சாம்பல் கல், பளிங்குத் தரையில் வெள்ளிநிற எஃகுப் பொட்டு என்று கட்டடக் கலைஞர்கள் அழகுக்கு ஒத்துப்போகப் போடுகிறார்கள். வணிக வளாகங்களில் இது அதிகம். அழகாக இருக்கிறது, மங்கிய பார்வைக்குத் தெரியவில்லை, ஈரத்தில் எஃகு வழுக்கவும் செய்கிறது. கருமையான தரையில் மஞ்சள் நன்றாகத் தெரியும். தரையே வெளிர் மஞ்சளாகவோ சந்தன நிறமாகவோ இருந்தால் மஞ்சள் கல்லும் மறைந்துபோகும். அப்போது வரிசையின் இரு பக்கமும் கருநிறப் பட்டை ஒன்று கொடுக்க வேண்டும்.

தரையின் சொரசொரப்பும் அப்படித்தான். நடைபாதை முழுக்க இன்டர்லாக் கல் பதித்து அதன் நடுவில் டேக்டைல் கல் வைத்தால், ஒவ்வொரு கல்லின் சரிந்த விளிம்பும் தடியில் தட்டும். எது எழுத்து, எது வெறும் இணைப்பு என்று தெரியாது. வரிசையின் இரு பக்கமும் சுமார் 60 செ.மீ. அகலத்துக்குச் சமதளமான, வழுக்காத தரை இருந்தால்தான் எழுத்து தனித்துக் கேட்கும்.

சரியாகப் பதிப்பது எப்படி என்பதை ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம். பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசல்வரை 36 மீட்டர் நடைபாதை. நடுவில் ஒரு செங்கோணத் திருப்பம், கார் உள்ளே போகும் 3.6 மீட்டர் அகல வழி ஒன்று.

முதலில் அகலம். நடைபாதை 1.8 மீட்டர் என்றால், சுவரிலிருந்து 60 செ.மீ. விட்டு 30 செ.மீ. வரிசை, மீதி 90 செ.மீ. சக்கர நாற்காலிக்கும் மற்றவர்களுக்கும். இந்தப் பங்கீடு முக்கியம். வரிசையைச் சரியாக நடுவில் போட்டால் இரு பக்கமும் 75 செ.மீ. மிஞ்சும், சக்கர நாற்காலியின் சக்கரம் ஒன்று கோடுகள் மேலேயே ஏறி இறங்கும். சுவரை ஒட்டிப் போட்டால் பைக், குப்பைத்தொட்டி, படிக்கட்டு எல்லாம் வரிசைமேல் வந்துவிடும், நடப்பவரின் தோளும் சுவரில் உரசும்.

பிறகு எண்ணிக்கை. நிறுத்தத்தில் தொடக்கம் 60 செ.மீ. சதுரப் பொட்டுப் பெட்டி, நான்கு கல். திருப்பத்திலும் அதே போல் நான்கு. கார் வழிக்கு முன்னும் பின்னும் நான்கு நான்காக எட்டு. வாசலில் 1.2 மீட்டர் அகலத்துக்கு 60 செ.மீ. ஆழம், எட்டுக் கல். ஆகப் பொட்டுக் கல் 24. ஏன் எங்கும் 60 செ.மீ. ஆழம்? ஒற்றை வரிசை 30 செ.மீ.தான், ஒரு சாதாரண அடியே அதைத் தாண்டிவிடும், பாதம் அதன்மேல் படாமலேயே போகலாம். பொட்டு வரும் தூரத்தையும் கார் வழியையும் கழித்தால் மிச்சம் 29.4 மீட்டர், அதற்குக் கோட்டுக் கல் 98. ஆக மொத்தம் 122. உடைசலுக்கும் பின்னாள் பழுதுக்கும் சேர்த்துக் கோடு 110, பொட்டு 30 என்று ஒரே தடவையில் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்கிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தேடினால் அதே அச்சும் அதே நிறமும் கிடைக்காது.

வெளித் தெருவுக்கு அழுத்தி வார்த்த சிமெண்ட் கல் நல்லது. ஒட்டும் வகை ரப்பர், பிளாஸ்டிக் தகடுகள் கட்டடத்துக்குள்ளே சரி. வெயிலில் பசை இளகி முனை தூக்கிக்கொள்ளும், தூக்கிய முனையில் கால் சிக்கும். மெருகேற்றிய பீங்கான் வகையை மழை படும் இடத்தில் போடவே கூடாது.

பதிக்கும்போது நூல் கட்டுவதில்தான் பாதி வேலை. 30 செ.மீ. வரிசை 60 செ.மீ. பெட்டியின் நடுவில் வந்து சேர வேண்டும், அதற்குப் பெட்டியை அரைக் கல் தள்ளிப் பிடிக்க வேண்டும். கல்லின் அடித்தளம் பக்கத்துத் தரையோடு ஒரே மட்டம். புடைப்பு மட்டுமே மேலே தெரிய வேண்டும். பழைய தரையின்மேல் கலவை போட்டு அப்படியே ஒட்டினால் கல்லின் கனமும் சேர்ந்து இரண்டு, மூன்று செ.மீ. விளிம்பு நிற்கும், அது தடுக்கி விழவைக்கும் படி. மட்டத்துக்குக் கீழே இறங்கினால் தண்ணீரும் மண்ணும் சேர்ந்து புடைப்பு மூடிப்போகும். கோட்டுக் கற்களைத் தொடர்ச்சியாக வைக்கும்போது ஒரு கல்லின் கோடு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் ஒன்று முதல் மூன்று செ.மீ. இடைவெளி விழ வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் கோடுகளுக்கு நடுவே வாய்க்கால்போல் தேங்கும். இணைப்பில் பூசும் கலவையை உடனே துடைத்துவிட வேண்டும். பொட்டுகளின் நடுவே காய்ந்த கலவை 5 மி.மீ.-இல் இரண்டை விழுங்கிவிடும்.

சாலையைக் கடக்கும் இடத்தில் இரண்டு தேவைகள் மோதுகின்றன. சக்கர நாற்காலிக்கு நடைபாதை சரிந்து சாலையோடு ஒட்ட வேண்டும். தடி பிடித்தவருக்கு 'இதோ சாலை' என்று சொல்ல ஒரு விளிம்பு வேண்டும். ஜப்பானில் இரு தரப்பையும் வைத்துப் பேசி 2 செ.மீ. விளிம்பு என்று முடிவு செய்தார்கள். சக்கரம் சற்று முயன்று ஏறும், தடிக்கு அது தெரியும். முழுக்க மட்டமாக்கத்தான் வேண்டும் என்றால் பொட்டு வரிசையைச் சரிவின் முழு அகலத்துக்கும் போட்டே ஆக வேண்டும். நடுவில் மட்டும் போட்டால் ஓரமாக வருபவர் தெரியாமலேயே சாலையில் இறங்கிவிடுவார்.

நடைபாதைக் கடைக்காரர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் பொருள் பரப்பும் இடத்தைக் கேட்காமல் வரைபடம் போட்டால் வரிசை கூடைக்கு அடியில் போகும். கடைக்கு இடம் ஒதுக்கிவிட்டு மீதியில் வரிசையைக் கொண்டுபோனால் பெரும்பாலும் சண்டையே வராது. 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. இரண்டு சட்டத்தையும் ஒரே வரைபடத்தில் பார்ப்பது பொறியாளர் செய்ய வேண்டிய வேலை.

கலவை காயும் முன்பே சோதனை. நாற்பது, ஐம்பது கல் பதித்ததும் நிறுத்தி, தடியோடு தினமும் நடமாடும் இரண்டு பேரை அழைத்து நடக்கச் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் அந்த இடத்துக்குப் புதியவராக இருப்பது அவசியம், பழகியவர் கல்லே இல்லாமலும் போய்விடுவார். பொறியாளர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது சோதனை ஆகாது. திடீரென்று கண் மூடியவருக்கு இருட்டின் பயம்தான் தெரியும், தடியின் மொழி தெரியாது. வருபவர்களுக்கு வழிச்செலவும் அரைநாள் கூலியும் ஒப்பந்தத் தொகையிலேயே வைக்க வேண்டும். அவர்கள் தருவது தொழில் அறிவு.

பிறகு வருவது பராமரிப்பு. கேபிளுக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தோண்டுபவர்கள் மூடும்போது கையில் கிடைத்த கல்லை வைத்துவிடுகிறார்கள், அதோடு வரிசை உடைகிறது. தோண்ட அனுமதி தரும் தாளிலேயே, எடுத்த கல்லை அதே திசையில் வைக்க வேண்டும், வைத்த பிறகு படம் எடுத்துத் தர வேண்டும் என்ற வரி இருக்க வேண்டும். மீதம் வாங்கிய 12 கோட்டுக் கல்லும் 6 பொட்டுக் கல்லும் ஒப்பந்ததாரர் கிடங்கில் இருக்கக் கூடாது, வார்டு அலுவலகத்தில் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை, சித்திரை வெயிலுக்குப் பிறகு ஒருமுறை, ஆளொருவர் வரிசை நெடுக நடந்து, ஆடும் கல், மழுங்கிய பொட்டு, மேலே நிற்கும் வண்டி மூன்றையும் குறித்துக்கொண்டு வந்தால், 36 மீட்டருக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.